உடைக்காத ரொட்டி

என் கணவர் குஷ்வக்தின் காரில், பின் இருக்கைக்குக் கீழே, நான் சுடாத ரொட்டி ஒன்று கிடந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் மாவைத் தந்தூர் அடுப்பில் ஒட்டுவதற்கு முன் ஆணி அச்சால் நடுவில் குத்துவோம். வீட்டுக்கு வீடு அச்சு வேறு. என்னுடையது மூன்று வளையம். இந்த ரொட்டியில் எட்டிதழ்ப் பூ இருந்தது.

ஏற்கெனவே எனக்கு மனது சரியில்லை. கணவாய் அடிவாரத்தில் நாலு அறை கட்டி விருந்தினர் விடுதி நடத்துகிறேன். சமர்கந்திலிருந்து எல்லை தாண்டி ஏரிகளுக்குப் போகிறவர்கள் கணவாயை ஒரே நாளில் கடக்க முடியாது, எங்களிடம் தங்குவார்கள். பிறகு இரண்டு நாடுகளும் சேர்ந்து மலையைக் குடைந்து சுரங்கச் சாலை போட்டன. திறப்பு விழாவுக்கு வந்தவர்களுக்கு நான்தான் புலாவ் சமைத்தேன். அதன் பிறகு வண்டிகள் என் வாசலைப் புழுதியோடு தாண்டிப் போயின.

எல்லையிலிருந்து பயணிகளை ஏற்றிவரும் குஷ்வக்த், அவர்கள் ஏரியைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறார்கள் என்றார். இலையுதிர் காலத்துக்குள் ஆள் வராவிட்டால் விடுதியைப் பூட்டிவிட்டு மகளோடு தலைநகர் துஷான்பேயில் இருக்கலாம் என்றும் அவரே சொன்னார். அவ்வளவு சுலபமாகச் சொன்னதுதான் உறுத்தியது.

ஒரு மாதத்தில் மூன்று பூ ரொட்டிகள் கண்டெடுத்தேன். மூன்றும் முழுசாக, கல்லாகக் காய்ந்திருந்தன. என் நாத்தனார் அச்சைப் பார்த்ததும் சிரித்தாள்.

"ஏரிக்கரை குலந்தோமோட அச்சு இது, அண்ணி. புருஷன் ரஷ்யாவுல இருக்கான். ரொட்டி நல்லா சுடுவா, அதைவிட நல்லா சிரிப்பா."

மறுநாள் காலையில் நானும் காரில் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். முப்பது வருஷமாக ஏரியைப் பார்த்ததில்லை என்று மட்டும் சொன்னேன். கார் சுரங்கத்தைக் கடந்து ஏரிப் பக்கம் இறங்கியது.

ஏரிக்கரை வீட்டு வாசலில் குலந்தோம் விருந்தினரின் பைகளை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். இரண்டு நாள் தங்குகிறார்களாம். உள்ளே ஆறு அறை, ஆறிலும் ஆள். திரும்பி வந்து குஷ்வக்திடம் ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே கேளுங்க அக்கா. இந்த மனுஷன் இங்க ஒரு விள்ளல் கூட வாயில வச்சதில்ல. வீட்டுல போய் சாப்பிடுறேன்னு வாங்கிட்டுப் போறார். என் கை அவ்வளவு மோசமா?"

காருக்குள் வந்ததும்தான் கேட்டேன்.

"அன்னைக்கே திரும்பிடுறாங்கன்னு சொன்னீங்க."

"இங்க இறக்கச் சொல்றது சமர்கந்து டிராவல்ஸ் ஆபீஸ். முடியாதுன்னா வேற டிரைவரை வச்சுக்குவாங்க. உன் அறையெல்லாம் காலியா கிடக்க, நானே ஆளைக் கொண்டுவந்து இங்க விடுறேன்னு எப்படி சொல்வேன்?"

"அப்போ ரொட்டி?"

"வேண்டாம்னா மரியாதையில்ல. உடைச்சு உப்புத் தொட்டு தின்னுட்டா நான் அவங்க வீட்டு ஆளு. அதான் உடைக்கல."

நம்ப ஆசையாக இருந்தது. என்னிடம் பொய் சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது. வழியெல்லாம் அந்த ரொட்டி என் மடியில் சூடாக இருந்தது.

அடுத்த நாள் விடியும்போதே ஏழு ரொட்டி சுட்டேன். ஆறைத் துணியில் கட்டி, என் வழக்கமான முடிச்சுப் போட்டு அவரிடம் கொடுத்தேன்.

"இதைக் குலந்தோம் மேசையில வைங்க. எந்த வீட்டு ரொட்டின்னு விருந்தாளிங்க கேட்டா என் பேரைச் சொல்லுங்க. அவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வர்றப்போ மதியச் சாப்பாட்டுக்கு வண்டி இங்க நிக்கணும்."

"அவ கோவிச்சுக்குவாளே?"

"கோவிச்சுக்கட்டும். துணியைத் திருப்பிக் கொண்டுவாங்க, என் முடிச்சு அப்படியே இருந்தா நீங்க கொடுக்கலைன்னு எனக்குத் தெரிஞ்சிடும்."

ஏழாவது ரொட்டியை உடைத்துப் பாதியை அவர் கையில் வைத்தேன். என் எதிரிலேயே முழுவதும் தின்றார். பிறகு கார்க் கண்ணாடி துடைக்கத் துணி எடுக்கப் போனார். அந்த இடைவெளியில் பின் இருக்கைக்குக் கீழே ஒருமுறை கைவிட்டுப் பார்த்துக்கொண்டேன்.