காற்றாலையில் காய்ந்த ஏப்ரன்

கோட்டை சரணடைந்த சேதி ஆம்ஸ்டர்டாமுக்கு வந்த மறுநாள் காலை, பாலத்தடிக் கடையில் அதன் முற்றுகைப் படம் கயிற்றில் தொங்கியது. ஆனால் அது செதுக்குக் கலைஞர் வெசலின் படம் அல்ல. வெசல் நான்கு மாதம் கண் பூக்கச் செம்புத் தகட்டில் செதுக்கியது அன்று மதியம்தான் அச்சேற இருந்தது. முதலில் வருகிற படத்தைத்தான் ஊர் வாங்கும். அடுத்து வருவது மீன் சுற்றத்தான் ஆகும்.

எவனோ முந்திக்கொண்டான் என்று நினைத்துத்தான் வெசல் படத்தை எடுத்தார். தெற்குக் கொத்தளத்தில் ஒரு காற்றாலை நின்றது. அதன் இறக்கையில் பெண்கள் இடுப்பில் கட்டும் ஏப்ரன் ஒன்று காய்ந்தது.

காற்றாலையை முதலில் செதுக்கியவர் அவர்தான். பழைய படமொன்றை நம்பிச் செய்த தவறு. செத்துப்போன மனைவியின் நினைவாக ஏப்ரனைத் தொங்கவிட்டதும் அவர்தான். போர்முனையில் கையை இழந்து திரும்பிய சிப்பாய் ஒருவன் சோதனைக்கு அச்சடித்த தாளைப் பார்த்து, “இந்த ஆலை முதல் வாரமே எரிஞ்சு போச்சு பெரியவரே” என்றான். அன்றே தகட்டைச் சுரண்டி, பின்பக்கம் தட்டி, தேய்த்து ஆலையையும் ஏப்ரனையும் அழித்துவிட்டார். ஆலை இருந்த தாள் ஒன்றே ஒன்று. அதை அடுப்பில் போடச் சொல்லி ஹார்மெனிடம் கொடுத்திருந்தார்.

ஹார்மென், செத்துப்போன அந்த மனைவியின் தம்பி. இருபது வருடமாக அவருடைய அச்சு உருளையைச் சுற்றுகிறவன். வெசல் யாரையும் நம்பாத ஆள். பட்டறைச் சாவியைக் கழுத்திலேயே தொங்கவிட்டிருப்பார். இன்னொரு சாவி ஹார்மெனிடம் மட்டும் இருந்தது.

பட்டறையில் ஹார்மென் தாள்களை நனைத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

“என்ன அத்தான், மூஞ்சி உப்புல போட்ட மீனாட்டம் இருக்கு?”

வெசல் படத்தை விரித்தார்.

“அட, முந்திட்டானுங்களா. அவனும் நம்மள மாதிரி பழைய படத்தப் பாத்து ஆலையப் போட்டிருப்பான்.”

“அந்தப் பழைய படத்துல உங்கக்கா ஏப்ரனும் காயுதாடா?”

ஹார்மென் கையிலிருந்த தாளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“அந்தக் கடைக்காரன் தாளக் குடுத்தா என் பேரப் போடுறேன்னான் அத்தான். இங்க இருபது வருஷம் சுத்தியும் ஒரு எழுத்து உண்டா எனக்கு?”

“போட்டானா?”

ஹார்மென் குனிந்து படத்தின் அடியைப் பார்த்தான். படத்தை வெளியிட்ட கடைக்காரன் பெயர் மட்டும் இருந்தது.

வெசல் தன் தகட்டை எடுத்து அவன் முன் வைத்தார். தகட்டில் எல்லாம் இடம் வலம் மாறித்தான் இருக்கும்; ஹார்மெனுக்கு அதைப் படிக்கத் தெரியும். கீழ் ஓரத்தில், வெசலின் பெயருக்குப் பக்கத்தில், நேற்று மாலை செதுக்கிய கோடுகள் இன்னும் பளபளத்தன. ‘அச்சடித்தவன் ஹார்மென்’ என்றிருந்தது.

“அத்தான்...”

“சாவிய வச்சிட்டுப் போ.”

ஹார்மென் சாவியை மேசைமேல் வைத்தான். வெளியே போகவில்லை. வெசல் அவனை நிமிர்ந்து பார்க்காமல், ஆலையை அழித்த அதே சுரண்டியைத் தேடி எடுத்து, தகட்டில் ஹார்மென் பெயர் இருந்த ஓரத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.