நூற்றில் ஒன்று

தங்சுலு தட்டின் மேலிருந்த ஈரத்துணியை விலக்கினாள். நேற்றுக் காலை, பாலையில் வளரும் சாக்சவுல் மரத்தின் நூறு விதைகளை எண்ணி அதில் வைத்திருந்தாள். இந்த விதைக்கு ஒரு நாள் ஈரம் போதும். உள்ளே சுருண்டு கிடக்கும் பச்சை, கடிகார வில்லைப் போலப் பிரிந்து வெளியே வந்துவிடும். தொண்ணூற்றொன்பது அப்படியே கிடந்தன. ஓரத்தில் ஒன்று மட்டும் பிரிந்திருந்தது.

வெளியே லாரிகள் உறுமின. வறண்டுபோன ஏரல் கடலின் படுகையில் காடு வளர்க்க அரசாங்கம் இந்த ஆண்டு பெருந்தொகை ஒதுக்கியிருந்தது. சூடேறும் பூமிக்கு இந்தக் காடு ஒரு குடை என்று தொலைக்காட்சியில் தினமும் சொன்னார்கள். இந்த ஊருக்கு வேண்டியது உப்புப் புயலைத் தடுக்க ஒரு சுவர். அந்தச் சுவருக்கான விதை முழுவதும் தங்சுலுவின் கிடங்கில்தான் இருந்தது.

இலையுதிர் காலத்தில் மூட்டைகள் மழையில் நனைந்து வந்தன. போன வருடம் விதையில் பூஞ்சை பிடித்துப்போய் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியவள் அவள். இந்தத் தடவை விடக்கூடாது என்று கிடங்கின் இரும்பு அடுப்பை மூன்று நாள் அணையாமல் எரித்தாள். மூட்டையைத் தொட்டால் புதுரொட்டி போல் சுட்டது. நன்றாகக் காய்ந்துவிட்டது என்று அன்று பெருமைப்பட்டாள். உள்ளே விதை வெந்துபோயிருக்கிறது.

"காலங்காத்தால தட்டப் பாத்து என்னடி மந்திரம் போடுற?" என்று பூட்ஸை மாட்டியபடி வந்தான் பெர்தேபாய், அவள் கணவன். முதல் லாரி அவனுடையது.

சொன்னாள். அவன் ஒரு பூட்ஸோடு நின்றான்.

"யாருக்குத் தெரியும்?"

"நமக்குத்தான்."

"அப்ப வாய மூடிக்க. முளைக்கலேன்னா உப்பு தின்னுடுச்சும்பாங்க. எப்பவும் அப்படித்தான சொல்றாங்க?"

உள்ளறையில் மகள் பீபிசாரா இருமினாள். இருவரும் அந்தக் கதவையே பார்த்தார்கள். போன வசந்தத்தில் அடித்த வெள்ளைப் புயலில் மூன்று நாள் பகலிலேயே விளக்கு எரிந்தது. உப்புத்தூசி ஜன்னல் இடுக்கில் மாவு போல் கொட்டியது. பீபிசாராவின் உதடு நீலமானபோது ஆஸ்பத்திரிக்குப் போக சாலையே கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தப் புயலுக்குப் பிறகு தெருவில் ஆறு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இந்தக் குளிர்காலத்தில் விதைத்தால்தான் இரண்டு மூன்று வருடத்திலாவது வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். செத்த விதையைத் தூவினால் ஒரு வருடம் போய்விடும். அந்த ஒரு வருடத்தை மகளின் நெஞ்சு தாங்குமா?

பெர்தேபாய் இன்னொரு பூட்ஸையும் மாட்டிக்கொண்டு லாரிக்குப் போனான்.

தங்சுலு தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கிடங்கு முற்றத்துக்குப் போனாள். பத்து லாரிகள் வரிசையாக நின்றன. வனப்பணித் தலைவர் சபர்பாய் பியாலாக் கிண்ணத்தில் தேநீர் ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். மதியம் நகரத்திலிருந்து அதிகாரி வருகிறார். அதற்குள் விதைப்பு தொடங்கியிருக்க வேண்டும்.

"அண்ணே, விதை செத்துப்போச்சு."

தேநீர் பாதி வழியில் நின்றது. அவள் அடுப்பு எரித்ததையும் சேர்த்தே சொன்னாள்.

"இப்ப நிறுத்திடுங்க. பக்கத்து மாவட்டத்துல நல்ல விதை இருக்கு. பத்து நாள்ல வந்துடும், பனி உருகறதுக்குள்ள தூவிடலாம்."

சபர்பாய் தட்டின் மேல் குனிந்தார். அந்த ஒரே ஒரு விதை அவர் கண்ணில் பட்டது.

"இந்தா, முளைச்சிருக்கே!" என்று உரக்கச் சொன்னார். டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஒரு ரொட்டி கருகினா அடுப்பையே இடிப்பியா, தங்கச்சி?"

சிரித்தார்கள். எல்லோருக்கும் அந்தச் சிரிப்பு தேவைப்பட்டது. கடைசி லாரிக்காரன், "ஒண்ணு முளைச்சா போதும்ணே, அதிகாரிய அது பக்கத்துல நிக்க வச்சு போட்டோ எடுத்துக்கலாம்" என்றான்.

சபர்பாய் சிரித்த முகத்தை மாற்றாமல் குரலைத் தாழ்த்தினார்.

"நிறுத்தினா, அடுப்ப யார் மூட்டினாங்கன்னு கேப்பாங்க. அரசாங்கச் சொத்து. உன் பேரச் சொல்லாம இருக்க முடியுமா என்னால? புள்ளைய வச்சிருக்க. வீட்டுக்குப் போ."

அவர் கையை ஆட்ட, இஞ்சின்கள் சூடேறின.

ஜெயில், பூட்டிய வீடு, மகளின் நீல உதடு எல்லாம் ஒரே நேரத்தில் தங்சுலுவின் கண்முன் வந்தன. எதற்கு அதிகம் பயப்படுவது என்று தெரியவில்லை. ஆனால் கால்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. லாரிகள் வெளியேறும் முற்றத்து வாசலுக்கு நடந்தாள். முதல் லாரியின் மூக்குக்கு நேராக, தட்டோடு நின்றாள்.

"பெர்தேபாய், உன் பொண்டாட்டிய ஒதுக்குடா!" என்று கத்தினார் சபர்பாய்.

பின்னாலிருந்து ஹாரன்கள் அலறின. மேற்கே வானத்தின் அடியில் சுண்ணாம்புக் கோடு போல் ஏதோ வெளுத்திருந்தது. பனியா, உப்பா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. காற்று ஈரத்துணியின் ஓரத்தைத் தூக்கியது. முளைத்த அந்த ஒரு விதை பறந்துவிடாமல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள்.

கண்ணாடிக்குப் பின்னால் பெர்தேபாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். லாரி அவள் முழங்கால்வரை சூட்டை ஊதியபடி அதிர்ந்தது. அவன் ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது. இன்னொன்று, இஞ்சினை அணைக்கும் சாவியின் மேல்.