பூஜ்ஜியம் ஜூல்

என் மனைவியின் தம்பி லிண்ட்சே வாயைத் திறந்தால் இயற்பியல்தான். பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வதை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இலவசமாகச் செய்வான். அன்றைக்கு மத்தியானம் கடற்கரையில், பின்னால் திறந்த தொட்டி வைத்த என் யூட் வண்டி அச்சுவரை மணலில் புதைந்து கிடக்க, நாங்கள் இருவரும் பின்னாலிருந்து மூச்சு முட்டத் தள்ளிக்கொண்டிருந்தபோதும் திறந்தான்.

"மாமா, அரை மணி நேரமா இந்த வண்டி மேல நாம செஞ்ச வேலை எவ்வளவு தெரியுமா? பூஜ்ஜியம் ஜூல்."

"என் முதுகு ஒடிஞ்சுபோச்சு. பூஜ்ஜியமாம்ல!"

"விசை இருக்கு, நகரலையே. விசையை நகர்ந்த தூரத்தால பெருக்கணும். தூரம் பூஜ்ஜியம்னா எத்தனை கழுதை தள்ளினாலும் விடை பூஜ்ஜியம்தான்."

"அதுல ஒரு கழுதை நீதான்டா."

ஓட்டுநர் இருக்கையிலிருந்து என் மனைவி நோலீன் தலையை நீட்டினாள். "ரெண்டு பேரும் வாயை மூடிட்டுத் தள்ளுங்க. தண்ணி ஏறிட்டு வருது."

தப்பு என்னுடையது. மணலில் இறங்குமுன் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டும் என்பது எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மெல்பர்ன்காரர்கள்தான் இறக்காமல் வந்து மாட்டிக்கொள்வார்கள். மெக்கானிக்கான நான் அவர்களை இழுத்துவிட்டு, அவர்கள் முழிக்கும் முழியைப் படமெடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டி, இருபது வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அன்று, தூண்டில் போடும் இடம் ஐம்பது மீட்டர்தானே என்ற சோம்பல். புதைந்த பிறகு காற்றை இறக்கினேன். அதற்குள் வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது.

"கிரேமைக் கூப்பிடலாம் மாமா. அவன்கிட்ட டிராக்டர் இருக்கு. பத்து நிமிஷத்துல இழுத்துடுவான்."

"அவன் ஊரையே கூட்டிட்டு வருவான்டா."

"வரட்டுமே."

"செத்தாலும் கூப்பிட மாட்டேன். தள்ளு!"

தள்ளினோம். நெற்றி நரம்பு புடைத்தது, கால்கள் மணலில் குழி பறித்தன, வண்டி மட்டும் அசையவில்லை. அப்போதும் அவன் விடவில்லை.

"உடம்புல சக்தி செலவாகுது மாமா, இல்லைன்னு சொல்லல. அதெல்லாம் சூடாவும் வேர்வையாவும் போகுது. வண்டிக்கு ஒண்ணும் போய்ச் சேரல."

அவன் குரல்வளையைப் பிடிக்கலாமா என்று யோசித்தேன். பிடித்தால் அவனாவது நகர்வான். ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பட்டறைச் சாமான் அத்தனையும் அந்தத் தொட்டியில்தான் இருந்தன. கடற்கரையில் மூழ்கிய வண்டிக்கு இன்சூரன்ஸ்காரன் சல்லிக்காசு தரமாட்டான். வண்டி போனால் தொழிலும் போச்சு.

அலை பின்சக்கரத்தைத் தொட்டது. நோலீன் இறங்கி, என்னைக் கேட்காமலே போனை எடுத்தாள்.

"கிரேம், நான் நோலீன். படகுத்துறைக்கு வடக்கால வண்டி மாட்டிக்கிச்சு. ஆமா, எங்க வண்டிதான். சிரிச்சு முடிச்சிட்டு வாடா, ஆனா சீக்கிரம் வா!"

அவன் சிரிக்கவும் இல்லை, ஊரைக் கூட்டி வரவும் இல்லை. பத்தே நிமிடத்தில் தனியாக டிராக்டரோடு வந்தான். அதற்குள் தண்ணீர் கதவுவரை ஏறிவிட்டது. சங்கிலியைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை இறங்கிப் பார்த்தான், அலை இரண்டு முறையும் அவனைப் புரட்டிப்போட்டது. கரையேறித் தொப்பியைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் நின்றான்.

"அரை மணி முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடா, மெர்வ்," என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரிய அலை ஒன்று வண்டியைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பியது. அடுத்தது இழுத்துக்கொண்டு போனது. சுத்தியல், ஜாக்கி, வெல்டிங் பெட்டி எல்லாவற்றோடும் என் வண்டி ஆழத்தை நோக்கி நகர்ந்தது.

லிண்ட்சே என் தோளைப் பிடித்திருந்தான்.

"முப்பது மீட்டர் நகர்ந்திருக்குடா," என்றேன். "கணக்குப் போடு."

"வேண்டாம் மாமா," என்றான்.