தஞ்சாவூருக்கு எதில் போவது

உத்திராபதி திருச்சி மத்திய சிறையிலிருந்து விடுதலையாகி வந்து ஒரு மாதம் இருக்கும். குறுவை நடவு முடிந்து, களையெடுப்புக்கு இன்னும் ஆள் கூப்பிடாத ஓய்ந்த நாட்கள். ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவன், சோற்றில் கை வைக்காமலே மனைவியிடம் சொன்னான்.

"வெள்ளிக்கெழம தஞ்சாவூருக்குப் போறோம். பெரிய கோயில் பாக்குறோம். காருல."

செவ்வந்தி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "காருலயா? பஸ்ஸுதான் தெருமுனையிலயே நிக்குதே."

"பஸ்ஸுல நீ போனதெல்லாம் போதும். யூனுஸ் பாய்கிட்ட பேசிட்டேன். பெட்ரோல் மட்டும் போட்டுக்கச் சொல்லிட்டாரு."

யூனுஸ் திருவாரூரில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். வழக்கு நடந்த காலத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கத்து வக்கீலைக் கோர்ட்டுக்கும் ஊருக்கும் ஏற்றிக்கொண்டு அலைந்தது அவருடைய அம்பாசிடர்தான்.

அது அறுவடைத் தகராறு. கூலியைக் கூட்டிக் கேட்டதற்காக மிராசுதார் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். கொரடாச்சேரிக்குக் கிழக்கே இருக்கிற அவர்களுடைய சின்ன ஊரில் சேரி முழுக்க வரப்பில் போய் நின்றது. கைகலப்பில் ஒருவனுக்கு மண்டை உடைந்தது. உடைத்தவன் யாரென்று யாருக்கும் தெரியாது; ஆனால் சங்கக் கொடி பிடித்து முன்னால் நின்றவன் உத்திராபதி; தண்டனை அவனுக்கு. கல்யாணமாகி ஒரு பொங்கல்கூட முடியாத நேரம். சென்னைக் கோர்ட்டில் அப்பீல் போட்டு அவன் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வருவதற்குள் பல போகங்கள் விளைந்து அறுபட்டுப் போயின.

அத்தனை காலமும் செவ்வந்தி மனு போட்டு அவனைப் பார்க்கத் தனியாகத் திருச்சிக்குப் பஸ்ஸில் போய் வந்தாள். தஞ்சாவூரைத் தாண்டும்போது ஜன்னலில் பெரிய கோயில் விமானம் தெரியும். புது ஆற்றுப் பாலத்தில் பஸ் திரும்பும்வரை கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போகலாமே என்று தோன்றாமல் இல்லை. ஒற்றையாக இறங்க மனசு வரவில்லை. பக்கத்தில் யார் யாரோ உட்கார்ந்து வருவார்கள். வெற்றிலை போடுகிற கிழவிகள், தூங்கி விழுகிற பள்ளிக்கூட வாத்தியார் அம்மா, ஒருமுறை வாத்துக் கூடையோடு ஒருத்தி. அந்த இடத்தில் உத்திராபதியை உட்கார வைத்து நினைத்துப் பார்த்தபடியே அவள் திருச்சி போய்ச் சேருவாள். வெளியே வந்ததும் இதே பஸ்ஸில் இரண்டு பேருமாக வரவேண்டும், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து அந்த விமானத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

அதை அவனிடம் சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தில் அபூர்வமாக ஒரு வெளிச்சம் இருந்தது. வந்த நாளிலிருந்து அவன் ராத்திரியில் பாயில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறவன். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறவன். அவனாக ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

"சரிங்க. காருலயே போவோம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தெருவில் கார் வந்து நின்றதும் பிள்ளைகள் ஓடிவந்து அதைத் தொட்டுப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்சம் இடுப்பில் குடத்தோடு நின்று சிரித்தாள். "மிராசு வூட்டு அம்மா கெளம்பிட்டாங்க, வழி விடுங்கடி!"

யூனுஸ் பின்கதவைத் திறந்து, "ஏறும்மா தங்கச்சி" என்றார். செவ்வந்தி ஏறி ஒரு ஓரமாக நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். உத்திராபதி அந்தக் கதவருகே வந்தான். குனிந்து உள்ளே பார்த்தான். பிறகு கதவைச் சாத்திவிட்டு முன்னால் போய் யூனுஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

வழி நெடுக முன்னால் பேச்சு. யூனுஸ்தான் பேசினார். சர்க்கார் நில உச்சவரம்பைக் குறைத்தும் நிலமெல்லாம் மாமன் மச்சான் பெயரில் மாறிவிட்டது, கோயில் பெயரில்கூட எழுதிவிட்டார்கள் என்றார். உத்திராபதி ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு வந்தான். செவ்வந்திக்கு அவனுடைய பிடரி மட்டும் தெரிந்தது. சிறையில் ஒட்ட வெட்டிய முடி இன்னும் சரியாக வளரவில்லை. கம்பி வலைக்கு அப்பால் முகமாவது தெரிந்தது என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் தன்மேலேயே கோபம் வந்தது. நீடாமங்கலம் கேட்டில் கார் நின்றபோது பக்கத்தில் ஒரு பஸ்ஸும் நின்றது. ஜன்னலோரம் ஒரு புருஷனும் பெண்சாதியும் ஒரே வெள்ளரிப்பிஞ்சை மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டிருந்தார்கள். ரயில் போய் கேட் திறக்கும்வரை அவள் அவர்களையே பார்த்தாள்.

தஞ்சாவூரில் கோயிலுக்கு எதிரே யூனுஸ் இறக்கிவிட்டார். "நிதானமா பாருங்க. அப்பறம் கல்லணைக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டு மர நிழலில் காரை நிறுத்தினார்.

உள்ளே, அவள் இத்தனை நாள் தூரத்தில் பார்த்த விமானம் தலைக்கு மேலே நின்றது. செவ்வந்திக்குக் கண் கலங்கியது. திரும்பினால் அவன் பக்கத்தில் இல்லை. மதில் ஓரமாகவே நடந்து போய்க்கொண்டிருந்தான். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கணம் நின்றான், யாரோ போகச் சொல்லக் காத்திருப்பதுபோல. அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து, சுற்று மண்டபத்து நிழலில் உட்கார வைத்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்குறேன், கோவப்படக்கூடாது. காருல ஏன் முன்னால போயி உக்காந்தீங்க?"

அவன் கோயில் வாசல் பக்கம் பார்த்தான்.

"பின்னால உக்கார முடியல புள்ள. அன்னைக்கு என்னைப் புடிச்சிட்டுப் போனாங்கல்ல, போலீஸ் ஜீப்பு சேத்துல மாட்டிக்கிச்சு. அதனால மிராசுதாரு காருல ஏத்துனாங்க. இதே மாதிரி காரு. ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு, நடுவுல நான். ஒருத்தன் என் கைமேலயே உக்காந்துட்டான். திருவாரூரு வர்ற வரைக்கும் எழுந்திரிக்கல." தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தான். "இன்னைக்கு நீ எடம் விட்டப்ப ஏறத்தான் வந்தேன். ஒடம்பு ஏறமாட்டேன்னுடுச்சு."

"தெரிஞ்சே எதுக்குங்க காரு பேசுனீங்க?"

"நீ திருச்சிக்கு வருவியே, காலு வீங்கி நிப்ப. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு வீங்குன அந்தக் காலயேதான் பாத்துக்கிட்டிருப்பேன். வெளிய போனா இவள தரையில கால் படாம ஒரு நாளாவது கூட்டிட்டுப் போவணும்னு நெனச்சேன். வேற என்ன எனக்கு அங்க நெனப்பு?"

செவ்வந்தி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாக, பஸ்ஸையும் பக்கத்து இடத்தையும் வாத்துக்கூடைக்காரியையும் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். "எனக்குக் காலு வலிச்சதே ஞாபகம் இல்லீங்க. பக்கத்துல நீங்க இல்லாததுதான் ஞாபகம்."

வெளியே வந்து அவள்தான் யூனுஸிடம் பேசினாள். "அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. நாங்க பஸ்ஸுல வர்றோம்."

யூனுஸ் இருவர் முகத்தையும் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. "ரயிலடியில எனக்கு ஒரு சவாரி கெடைச்சாலும் கெடைக்கும். நீங்க போங்க" என்று வண்டியைக் கிளப்பினார்.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறினார்கள். இரண்டு பேர் உட்காரும் இருக்கை. அவள் ஜன்னலோரம், அவன் பக்கத்தில். கூட்டம் ஏற ஏற அவள்மேல் நெருங்கினான். சாலியமங்கலம் தாண்டியது. அம்மாப்பேட்டையில் காற்று குளிர்ந்து வீசியது. அவன் தலை முதலில் முன்னால் சரிந்தது, பிறகு அவள் தோளில் விழுந்தது.

அவன் இப்படித் தூங்கி அவள் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. நடத்துநர் விசில் ஊதினார், யாரோ சண்டை போட்டார்கள், பஸ் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. எதற்கும் அவன் அசையவில்லை. செவ்வந்திக்குக் கை மரத்துப் போயிற்று. அவளும் அசையவில்லை.

ஊர் வந்தது. "யாரும்மா எறங்குறது? எழுப்புங்க அவர" என்றார் நடத்துநர்.

அவள் வெளியே பார்த்தாள். தெரு முனை, அரசமரம், தங்கள் வீட்டுக்குப் போகும் பாதை.

"எறங்கலீங்க. நாகப்பட்டினத்துக்கு ரெண்டு சீட்டு குடுத்துடுங்க."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லீங்க. இவரு தூங்குறாரு."

நடத்துநர் ஒரு கணம் நின்று, சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, பெருவிரலால் விசிலைத் துடைத்தார். ஊதவில்லை. பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் நகர்ந்தது.

நாகப்பட்டினத்தில் மீன்கூடைக்காரிகள் இறங்கும் சத்தத்தில்தான் உத்திராபதி கண் விழித்தான். பதறிப்போய் நிமிர்ந்தான். "நம்ம ஊரு எங்க?"

"போயிடுச்சு" என்றாள்.

அவன் அவளையும் வெளியே தெரிந்த புது ஊரையும் மாறி மாறிப் பார்த்தான். விடுதலையாகி வந்தபின் முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தான். வெயில் இன்னும் இருந்தது. கடலை அவள் பார்த்ததில்லை. அவனும் சின்ன வயதில் ஒருமுறைதான் பார்த்திருக்கிறான். வழி கேட்டுக்கொண்டு நடந்தார்கள். மணலில் இறங்கியதும் அவன் சிறையில் நேரத்துக்கு அடங்கிய பழக்கதோஷத்தில் திரும்பி, "கடைசி பஸ்ஸு எத்தனை மணிக்கோ?" என்றான்.

அவள் அலையைப் பார்த்து நின்றாள். அவனும் மறுபடி கேட்கவில்லை.