வாளியில் இருபத்து நான்கு வில்லைகள்

எங்கள் நண்டு ஆலையில் ஏப்ரன் மாட்டுவதற்குச் சுவரில் இருபத்து நான்கு மர முளைகள் உண்டு. ஒன்று முதல் பன்னிரண்டு வரை நண்டை வேகவைக்கும் தொட்டிப் பக்கத்து ஆட்களுக்கு. மிச்சம், உறைந்த நண்டைப் பெட்டியில் அடுக்குகிற எங்களுக்கு. ஒவ்வொரு முளையிலும் ஆளின் பெயரை எழுதி வெள்ளை டேப் சுற்றியிருக்கும். ஆள் போய்விட்டால் பழைய டேப்பை உரிக்க மாட்டோம், உரித்தால் போனவருக்கு ஆகாது என்று பேச்சு. புதுப் பெயரை அதன் மேலேயே சுற்றுவோம்.

எனக்குப் பதினேழாம் முளை. பதினெட்டு வருஷமாக அதில் ஒரே டேப். அதிலும் பெயர் இல்லை, ஒரு மீன் படம்தான். ஆலை திறந்த அன்று எனக்கு எழுதத் தெரியாது. எழுத்துக் கற்றது நாற்பத்தாறு வயதில், தேவாலயத்தின் கீழறையில். எழுத்து வந்த பிறகு கணக்கின் மேல் ஆசை வந்தது. இப்போது தபால் வழியாக நிகழ்தகவு படிக்கிறேன். பைக்குள் சிவப்பும் வெள்ளையுமாகப் பந்துகள், பார்க்காமல் எடுத்தால் எது வரும் என்கிற கணக்குகள். மணிக்கட்டு வலியில் பேனா பிடிப்பதுதான் கஷ்டம், கணக்கு அவ்வளவு கஷ்டமில்லை.

என் கணவரின் தங்கை செலினாவுக்கு நாலாம் முளை, அதாவது தொட்டிப் பக்கம். நாங்கள் இருவரும் ஒரே நாளில், ஒரே வாளியில் கை விட்டவர்கள். எங்கள் அப்பாக்கள் காலத்தில் யார் எங்கே வலை கட்டுவது என்று வசந்தத்தில் வில்லை போட்டு எடுப்பார்கள். ஆலை திறந்தபோதும் அப்படியே செய்தோம். ஒன்று முதல் இருபத்து நான்கு வரை எண் போட்ட தகர வில்லைகளை வாளியில் போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒன்று எடுத்தோம். எடுத்த இடம்தான் இடம், மாற்றிக்கொள்வது கிடையாது.

இரண்டு வருஷமாகச் செலினாவுக்கு இருமல். இன்னொரு பருவம் ஆவியில் நின்றால் நுரையீரல் தேறாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வழக்கம் கிடக்கட்டும், இடம் மாறிக்கொள்ளலாம் என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

"அப்புறம் நீ இருமுவ, நான் உனக்கு சூப்பு வைக்கணும். என் சூப்பு குடிச்சு நீ செத்தா எங்க அண்ணன் என்னைத்தான் கேப்பாரு. போடி," என்றாள்.

தொட்டிக்கு மேலே ஆவியை இழுத்து வெளியே தள்ளும் விசிறி வேண்டும் என்று தொழிற்சங்கம் வழியாகக் கேட்டோம். மேலாளர் கார்லண்ட் நகரத்திலிருந்து ஒரு மூச்சு நிபுணரை வரவழைத்தார். அவர் இருபத்து நான்கு பேரையும் ஒரு குழாயில் ஊதச் சொன்னார். முடிவைத் தேநீர் அறையில் ஒட்டினார்கள். பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர்கள் நன்றாக ஊதுகிறார்கள், புதியவர்கள்தான் திணறுகிறார்கள், ஆகவே ஆலையின் காற்று நுரையீரலைக் கெடுக்கவில்லை. செலினா சின்ன வயதில் புகைபிடித்தவள். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பேசி முடிவு செய்யலாம் என்று அந்தத் தாளில் இருந்தது. திங்கள் பருவம் தொடக்கம்.

விசிறி வராவிட்டால் திங்களன்று செலினா வேலையை விட வேண்டும். இந்த ஊரில் இந்த ஆலையை விட்டால் வேறு ஆலை இல்லை.

அந்தத் தாளை மூன்று முறை படித்தேன். எங்கோ இடித்தது, எங்கே என்று தெரியவில்லை. அப்போது ஆறாம் முளைக்காரி, போன வருஷம் சேர்ந்தவள், கத்தினாள். "இந்த முளையில ஏப்ரன் நிக்கவே மாட்டேங்குது. எத்தனை பேரைச் சுத்தி வச்சிருக்கீங்க இதுல?"

போய்ப் பார்த்தேன். டேப்பு மேல் டேப்பு, என் கட்டைவிரல் பருமன். கயிறு அதில் நுழையவே இல்லை. திரும்பி என் முளையைப் பார்த்தேன். ஒரே ஒரு மீன்.

"செலினா, கெட்டில்ல தண்ணி போடு," என்றேன்.

"டீயா?"

"டேப் உரிக்க."

"ஆகாதுன்னு சொல்லுவாங்கடி."

"போனவங்களுக்கு ஏற்கெனவே ஆகலைன்னுதான் நினைக்கிறேன்."

கொதிநீர் ஆவியில் காட்டி, இருபத்து நான்கு முளைகளின் அடி டேப்பையும் எடுத்துவிட்டோம். முதல் நாள் வில்லை எடுத்த அத்தனை பேரும் என் கையில் இருந்தார்கள். நிபுணர் ஊதச் சொன்னது இன்று இருப்பவர்களை மட்டும். தொட்டிப் பக்கத்துப் பன்னிரண்டு பேரில் இன்று இருப்பது மூவர். எங்கள் பக்கத்தில் எட்டுப் பேர். போன பதின்மூன்று பேரையும் ஏன் போனார்கள் என்று நேரிலும் தொலைபேசியிலும் விசாரித்தேன். படகில் செத்துப்போன ஒருவனுக்காக அவன் அம்மாவிடம் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை தேநீர் அறையில் எல்லோரும் இருந்தோம், கார்லண்டும் நிபுணரும்கூட. யாரோ ரொட்டி பொரித்துப் பாகோடு கொண்டுவந்திருந்தார்கள். நான் டேப்புகளை மேசையில் இரண்டு வரிசையாக ஒட்டினேன்.

கார்லண்ட் குனிந்து பார்த்தார். "இது யாரு, மீனு?"

"நான்தான் தம்பி. அப்ப எழுத்து தெரியாது. இப்ப தெரியும், உங்க தாளைப் படிச்சேன். பழைய ஆளுங்க நல்லா ஊதுறாங்கன்னு போட்டிருக்கு. ஊத முடியாதவங்க எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. மிச்சம் இருக்கறவங்களைத்தானே ஊதச் சொன்னீங்க?"

நிபுணர் நிமிர்ந்தார். நல்ல மனிதர், முகத்தில் கோபம் இல்லை. "எத்தனை பேர் மூச்சுக்காகப் போனாங்க?"

"ஆறு பேர். ஆறு பேரும் தொட்டிப் பக்கம். எங்க பக்கம் போன நாலு பேர்ல ஒருத்தர்கூட மூச்சுக்காகப் போகல."

"பலவீனமானவங்களையே அந்தப் பக்கம் நிறுத்தியிருக்கலாமில்ல?"

"வாளியில கை விட்டு எடுத்தோம் சார். நுரையீரலைப் பார்த்து வில்லை வராது."

அவர் பேனாவை மூடினார். "சரி. தற்செயலா அமைஞ்சிருக்கலாம்."

அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். தாளை விரித்தேன். "ஆவிக்கும் மூச்சுக்கும் சம்பந்தமே இல்லைன்னு வச்சுக்குவோம். அப்ப அந்த ஆறு பேருக்கும் எந்த வில்லையும் வந்திருக்கலாம். முதல் ஆளுக்குத் தொட்டிப் பக்கம் விழ, இருபத்து நாலுல பன்னிரண்டு. அடுத்தவருக்கு இருபத்து மூணுல பதினொண்ணு. அப்புறம் இருபத்து ரெண்டுல பத்து. இப்படி ஆறும் பெருக்கினா, நூத்து நாப்பத்தாறுல ஒரு தடவை."

கார்லண்ட் சிரித்தார். "ஜெர்ட் அக்கா, பெருக்கல் எல்லாம் எனக்கு வராது."

"அப்ப எடுத்துப் பாருங்க." மேசைக்கு அடியிலிருந்து அதே வாளியை எடுத்து வைத்தேன். "ஆறு வில்லை. ஆறும் பன்னிரண்டுக்குள்ள இருக்கணும்."

மூன்று வந்தது. பதினொன்று வந்தது. அடுத்தது இருபது. "போச்சு," என்றது அறை. மறுபடி போட்டுக் குலுக்கினார். பிறகு நிபுணர் எடுத்தார், பிறகு ஆளாளுக்கு எடுத்தார்கள். இருபத்தேழாம் முறை ஐந்து வில்லைகள் வரிசையாகப் பன்னிரண்டுக்குள் விழுந்தன. ரொட்டியைக் கையில் பிடித்தபடி எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஆறாவது இருபத்திரண்டு.

"ஆறும் வந்திருந்தா என்னடி பண்ணியிருப்ப?" என்று செலினா என் காதில் கேட்டாள்.

"நூத்து நாப்பத்தாறுல ஒண்ணு எப்பவாவது வரும்தான்னு சொல்லியிருப்பேன்," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படியாக. "ஆனா அந்த ஒண்ணை நம்பி ஒருத்தியை ஆவியில நிறுத்துவீங்களான்னு கேட்டிருப்பேன்."

முப்பத்தோராம் முறையும் ஆறு வராமல் போனதும், கார்லண்ட் வில்லைகளைத் தானே வாளியில் போட்டு ஓரமாகத் தள்ளி வைத்தார். நிபுணரைப் பார்த்தார். நிபுணர் தன் தாளைச் சுவரிலிருந்து எடுத்து மடித்தார். "நான் கேட்க வேண்டிய ஆட்கள் இங்க இல்லை," என்றார். என் தாளுக்கு ஒரு நகல் கேட்டார். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூரையில் ஓட்டை போட்டு விசிறி மாட்டினார்கள். திங்கள் காலை தொட்டியைத் திறந்ததும் ஆவி தலைக்கு மேலே நேராக ஏறிப் போனது. அதற்குக் கீழே செலினா நின்றாள், நாலாம் இடத்தில்.

"என்னடி இரைச்சல் இது. பக்கத்துல நிக்கறவ புருஷனைப் பத்தி என்ன சொல்றான்னுகூடக் கேக்கல," என்று பருவம் முழுக்கத் திட்டினாள். இருமாமல் திட்டினாள்.

எனக்கு அந்த இரைச்சல் பிடிக்கும். பெட்டி அடுக்கிக்கொண்டே பன்னிரண்டு மணி நேரமும் கேட்பேன். பன்னிரண்டு, பதினொன்று, பத்து, ஒன்பது, எட்டு, ஏழு. அன்று தாளில் நான் பெருக்கினது.