பதினாலாவது பெயர்

காலை ஐந்தேகாலுக்கு முதல் பஸ். அதை விட்டால் பதுளையில் ரயிலைப் பிடிக்க முடியாது. ரயிலை விட்டால் எல்ல என்ற ஊரில் பதினொரு மணிக்கு நேர்முகப் பரீட்சை இல்லை. அது இல்லையென்றால், லுணுகலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒரு டாக்டர் வருவது இனி எந்தக் காலத்திலோ. இத்தனையும் ஒரு பஸ்ஸின் தலையில் இருந்ததால் ஜெயலெட்சுமியின் ஒற்றை அறைக் காம்பராவில் விடியும் முன்பே களேபரம்.

சாதாரண டாக்டர் படிப்பும் இல்லை. வைத்தியமும் ஆராய்ச்சியும் சேர்ந்து எட்டு வருடம். முடித்தால் இரண்டு பட்டம். நாடு முழுக்க அறுநூறு பேர் விண்ணப்பம் போட்டு, இருபத்து நான்கு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். எடுக்கப்போவது எட்டுப் பேரை. அந்த இருபத்து நான்கில் தோட்டத்துப் பிள்ளை ஜெயலெட்சுமியின் மகள் ஒருத்திதான். கடிதத்தில் பெயர் வீரய்யா கம்சலா என்று இருந்தது.

அது அவள் பெயர் இல்லை.

இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. தோட்டத்தில் இப்படி நடப்பதுதான். கம்சலா என்பது மூத்தவள். மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதே காய்ச்சலில் தாய் ஜெயலெட்சுமியும் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பதினெட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது புதைத்த இடத்தில் புல் முளைத்திருந்தது. மடியில் ஒன்றரை வயதில் இன்னொன்று. அழுதால் பால் வற்றிவிடும் என்று பெரியவர்கள் அவள் வாயை அடைத்தார்கள். மூத்தவளின் சாவையும் யாரும் பதியவில்லை, இளையவளின் பிறப்பையும் யாரும் பதியவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாள் வந்துவிட்டது. டீச்சர் பிறப்புப் பத்திரம் கேட்டார். டின் பெட்டியில் இருந்தது மூத்தவளுடையது ஒன்றே ஒன்று. தாய் அதை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து கம்சலா பள்ளிக்கூடத்தில் உயிரோடு இருந்தாள். உயிரோடு இருப்பவளுக்காக எந்தத் தாய் அழ முடியும்? இரண்டாவது தடவை அவள் வாயை அடைத்தது அந்தப் பத்திரம்.

வீட்டில் இளையவளை ஒருநாளும் கம்சலா என்று கூப்பிட்டதில்லை. சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே சொல்லுவோம்.

அந்த வீட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஸ்கொலர்ஷிப் பரீட்சை, ஓ லெவல், ஏ லெவல் என்று அந்தப் பெயர் வெளியே போகும் நாளெல்லாம் ஜெயலெட்சுமி ரொட்டியும் காரமான சம்பலும் இரண்டு பார்சல் கட்டுவாள். சின்னவள் கொழுந்து மலைக்குள் இறங்கி, கொய்யா மரத்தடியில் அக்காவைப் புதைத்த இடத்துக் கல்லுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்து, "ஒம்பேரக் கொஞ்சம் எடுத்துட்டுப் போறேன். அந்திக்குக் கொண்டாந்து தந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். விஞ்ஞானம் படித்த பிள்ளைக்கு இது சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒருதடவைகூடத் தவறியதில்லை.

இன்றைக்குத் தவறியது. இரவெல்லாம் மழை, பாதை முழுக்க அட்டை. இருந்த ஒரே நல்ல சாரியைக் கட்டிக்கொண்டு அவள் வாசலில் யோசித்து நிற்கும்போதே மேல் வளைவில் பஸ் ஹோர்ன் கேட்டது. இரண்டு பார்சலையும் பைக்குள் திணித்துக்கொண்டு மேலே ஓடிவிட்டாள். கல் எங்கே போய்விடப் போகிறது, வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைத்தாள். பசறையில் கூட்டம் ஏறியது. கொண்டக்டர் அவளருகில் வந்து, சள்ளென்று விழுந்தான்.

"புள்ளைய மடியில எடுத்து வச்சிக்கங்க. பெரியாளுங்க நிக்கிறாங்க இல்ல?"

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் பைதான் இருந்தது. அவள் அதை மடியில் எடுத்துக்கொண்டாள். கொண்டக்டருக்குப் பின்னால் நின்ற ஆள் உட்காருமுன் சீட்டைக் கையால் துடைத்துப் பார்த்து, ஈரமாக இருக்கிறதே என்று முனகினார். ஜன்னல் மூடித்தான் இருந்தது.

பதுளை ஸ்டேசனில் ஒரு பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டாள். பயம் கொஞ்சம் குறைந்தது. ரயில் ஏறியதும் விண்ணப்பத்தின் பிரதியை எடுத்து மடியில் விரித்தாள். அவளை இவ்வளவு தூரம் கொண்டுவந்ததே அந்தச் சின்ன ஆய்வுதான். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவின் பழைய பதிவுப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து, சிவப்புக் கோடு போட்டு அடித்திருந்த பெயர்களை எடுத்து, ஒவ்வொரு லயமாகப் போய் விசாரித்திருந்தாள். பத்து வருடத்தில் பதின்மூன்று பிள்ளைகள், மரணப் பதிவே இல்லாமல் மண்ணுக்குள் போயிருந்தார்கள். அரசாங்கக் கணக்கில் அவர்கள் சாகவே இல்லை. அதைத்தான் எழுதியிருந்தாள்.

உண்மையில் பதினாலு. பதினாலாவது வரியில் கம்சலா என்று இருந்தது. லுணுகலையில் மபாஸ் கடையில் போட்டோ கொப்பி எடுத்தபோது அந்த வரிக்கு மேல் ஒரு வெள்ளைத் தாள் துண்டை வைத்து மறைத்தாள். கொப்பியில் அந்த இடம் வெறுமையாக வந்ததைக் கண்ணால் பார்த்து, அதை விண்ணப்பத்தோடு இணைத்த பிறகுதான் கடையை விட்டு வெளியே வந்தாள்.

தெமோதரையில் ரயில் முதலில் ஸ்டேசனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு அதே ஸ்டேசனில் மேலே வந்து நிற்கும். பெட்டியில் லைட் எரியவில்லை. சுரங்கத்தின் இருட்டில் சின்னவளின் சுண்டுவிரலை ஒரு கை பிடித்தது. சின்னஞ்சிறு கை, சில்லிட்டு ஈரமாக இருந்தது. தெருவைக் கடக்கும் பிள்ளைகள் பிடிப்பார்களே, அந்த மாதிரி நம்பிக்கையோடு பிடித்தது.  வெளிச்சம் வந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. சுண்டுவிரலைச் சுற்றி மட்டும் செம்மண் அப்பியிருந்தது.

எல்லவில் இறங்கி, வெள்ளைக்காரர்கள் பை தூக்கிக்கொண்டு திரியும் தெருவைத் தாண்டி, மேட்டில் இருந்த பழைய துரை பங்களாவுக்கு ஏறினாள். அதுதான் இப்போது ஆராய்ச்சி நிலையம். வாசல் மேசையில் முஷ்ரிபா என்ற பெண் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் பெயரைச் சொன்னதும், நீங்கள்தான் அப்போதே கையெழுத்து வைத்துவிட்டீர்களே என்றாள்.

சின்னவள் தாளைப் பார்த்தாள். வீ. கம்சலா என்ற பெயருக்கு நேரே பேனாவால் ஒரு கிறுக்கல் இருந்தது. வளைந்து, சுழன்று, கோட்டைத் தாண்டி மேலும் கீழும் போயிருந்தது. எழுத்துப் பழகாத பிள்ளை முதல்முதலாகப் பேனா பிடித்தால் அப்படித்தான் போடும்.

"நான் இப்பத்தான் வாறேங்க" என்றாள் சின்னவள்.

முஷ்ரிபாவின் முகம் ஒருமாதிரி ஆனது. "கம்சலா யாருன்னு கேட்டேன். நான்னு சத்தம் வந்திச்சி. மேசைக்குக் கீழ இருந்து கை நீண்டிச்சி, ஏதோ விழுந்ததக் குனிஞ்சு எடுக்கிறீங்கன்னு நெனச்சி பேனாவக் குடுத்தேன்" என்றாள்.  தாளின் ஓரத்தில் இருந்த மண்ணை முஷ்ரிபா ஊதிவிட்டாள்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். தலைவி பேராசிரியர் சந்திரகாந்தி. பதுளை பஜாரில் பரம்பரையாகப் புடவைக் கடை வைத்திருக்கும் குடும்பம். அடுத்தவர் இந்திரஜித் என்ற இளம் ஆராய்ச்சியாளர். மூன்றாமவர் ஒரு சிங்கள டாக்டர். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். கேள்விகளெல்லாம் இங்கிலீஷில். கிழமைக்கணக்கில் கண்ணாடி முன்னால் பழகிய பதில்கள் தடங்கலில்லாமல் வந்தன. நோயாளியைப் பார்ப்பதா, ஆய்வுக்கூடத்தில் இருப்பதா, இரண்டில் ஒன்றுதான் என்றால் எதை எடுப்பாய் என்று இந்திரஜித் மடக்கினார். எண்ணாமல் விட்டவர்களை எண்ணத்தான் வந்திருக்கிறேன், அதற்கு இரண்டும் வேண்டும் என்றாள். அவர் சிரித்துத் தலையாட்டினார். இடம் கிடைத்துவிட்டது என்று அவளுக்கு அந்த நிமிடம் நிச்சயமாகத் தோன்றியது.

அப்போது சந்திரகாந்தி கோப்பைப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்துத் தமிழுக்கு மாறினார்.

"பதின்மூணுன்னு எழுதியிருக்கீங்க. கொப்பியில பதினாலு இருக்கு."

தாளை அவள் பக்கமாகத் திருப்பினார். அவள் மறைத்த இடம் வெறுமையாக இல்லை. வீரய்யா மகள் கம்சலா, வயது மூன்று என்று அந்த வரி பளிச்சென்று இருந்தது. மற்ற வரிகளெல்லாம் மங்கியிருக்க, அது மட்டும் மை காயாததுபோல் இருந்தது.

"ஒங்க பேருதான். அப்பா பேரும் அதேதான். இது வேற யாரோ புள்ளையா? தோட்டத்துல ஒரே பேர்ல ரெண்டு பேர் இருக்கிறதுதானே?"

தப்பிக்க வழியை அவரே திறந்து கொடுத்தார். ஆமாங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும். சின்னவள் வாயைத் திறந்தாள். மேசைக்குக் கீழே, அதே சில்லிட்ட கை சுண்டுவிரலைப் பிடித்தது. இழுக்கவில்லை, அழுத்தவில்லை, சும்மா பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அவளுக்குப் பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக வந்தது. ஊரார் பிள்ளைகள் பதின்மூன்று பேருக்காக மலை மலையாக ஏறியவள், சொந்த அக்காவைத் தாள் துண்டால் மூடியிருக்கிறாள்.

"அது எங்க அக்காங்க" என்றாள். "செத்தது அவதான். பேரும் அவளோடது, சர்ட்டிபிகேட்டும் அவளோடது. எனக்குப் பேரு பதியலங்க."

அந்தக் கை விரலை விட்டது.  பிறகு சந்திரகாந்தி தன் பேனாவை நீட்டி, கணக்கைத் திருத்தச் சொன்னார். சின்னவள் பதின்மூன்றை அடித்துப் பதினாலு என்று எழுதினாள். அந்த எழுத்தும் கிறுக்கலாகத்தான் வந்தது.

"இந்தப் பேருக்கு நாங்க எடம் குடுக்க ஏலாது மகள்" என்றார் சந்திரகாந்தி. அக்காவின் சாவையும் அவள் பிறப்பையும் பதிய வேண்டும், பரீட்சைச் சான்றிதழ்களை மாற்ற வேண்டும், அது லேசான வேலை இல்லை, வருடக்கணக்கில் இழுக்கலாம் என்று விளக்கினார். மாற்றிக்கொண்டு வந்தால் மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் வாக்குறுதி எதுவும் தர முடியாது என்றும் சொன்னார். கதவுவரை கூடவே வந்தார். கதவைச் சாத்துமுன், அவளுக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்து, தானறியாமல் யாருக்கோ வழிவிட்டு நின்றார்.

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். ஜெயலெட்சுமி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சின்னவள் ஒளிக்காமல் சொன்னாள். இடம் போன கதையைக் கேட்டுத் திட்டுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள்.  ஆனால் தாய் பையை வாங்கிக் கையைவிட்டு, மிச்சமிருந்த பார்சலை எடுத்தாள்.

"காலையில நீ அங்கிட்டுப் போகலயா?"

"போகலம்மா. பஸ் வந்திருச்சி."

காலையில் போட்ட நூல் முடிச்சு அப்படியே இருந்தது. ஜெயலெட்சுமி அதை அவிழ்த்துத் தாளை விரித்தாள். மேலே இருந்த ரொட்டியின் ஓரத்தில் ஒரு கடி. அரிசி அரிசியாகச் சின்னப் பல் தடம், இரண்டு வரிசை. சம்பல் பக்கம் தொடவில்லை. உறைப்பு அந்த வயதில் ஆகாது.

"பசியோட அம்புட்டுத் தூரம் வந்திருக்கா" என்றாள் ஜெயலெட்சுமி.

அதற்குப் பிறகுதான் அது வந்தது. முதலில் மூச்சு முட்டுவதுபோல் ஒரு சத்தம். பிறகு மார்பில் அறைந்துகொண்டு, லயம் முழுக்கக் கேட்க, என் கம்சலா போயிட்டாளே, நான் பெத்த மூத்த மக போயிட்டாளே என்று ஓலமிட்டாள். பதினெட்டு வருடத்துக்கு மேலாக அடைத்து வைத்த அழுகை. காம்பராக் கதவுகள் திறந்தன. கொழுந்துச் சாக்கைத் தலையிலிருந்து இறக்காமலே பெண்கள் ஓடிவந்தார்கள். காலையில் பிள்ளை பஸ் ஏறிப் போனது அவர்களுக்குத் தெரியும்; பஸ் உருண்டுவிட்டது என்றே நினைத்து அழுதுகொண்டு வந்தார்கள். வந்தவர்கள், வாசலில் சாரியோடு நின்ற சின்னவளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள்.

பக்கத்துக் காம்பரா ரெங்கம்மாதான் முதலில் புரிந்துகொண்டாள். அன்றைக்கு மூத்தவளின் உடலைக் குளிப்பாட்டியவள் அவள்தான். சாக்கை இறக்கிப் போட்டுவிட்டு உள்ளே போய், ஜெயலெட்சுமியைக் கட்டிக்கொண்டு தானும் குரலெடுத்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வாசல் சின்னது, சின்னவளைத் தாண்டித்தான் போக வேண்டும். போன எல்லாரும் அவளுடைய இடது பக்கம் வந்ததும் காலைத் தட்டிவிடாமல், இடுப்பளவு உயரத்தில் ஏதோ நிற்பதுபோல, ஒதுங்கி ஒதுங்கியே போனார்கள். ஒருத்தர்கூட ஏன் ஒதுங்கினோம் என்று யோசித்ததாகத் தெரியவில்லை.

சின்னவள் குனிந்து பார்க்கவில்லை. இடது கையின் சுண்டுவிரலைக் கீழே நீட்டி, அம்மா அழுது முடிக்கும்வரை அப்படியே நின்றாள்.