சந்தனம் படாத நூல்

மேனேஜர் ராகவனுக்கு மூளை இருக்கிறது என்று யாராவது சொன்னால் கெமிஸ்ட் சங்கரிக்குச் சிரிப்பு வந்துவிடும். மறைமலைநகரில் கார்பன் நூலில் குழாய் செய்யும் அந்தச் சின்ன ஃபேக்டரியில் எந்தக் குழாய் உடைந்தாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: "இன்னும் கொஞ்சம் ரெசின் ஊத்துங்க." கார்பன் நூல் வழவழவென்று இருக்கும், அண்டா அண்டாவாக ஊற்றினாலும் ரெசின் பசை அதைக் கவ்வாது, முதலில் நூலை அமிலத்தில் முக்கிச் சொரசொரப்பாக்க வேண்டும் என்று அவள் வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். "அப்படியாம்மா?" என்பார், ஏதோ பஞ்சாங்கம் கேட்பதுபோல். தண்டம்!

2003இல் ஒருவழியாக அவளுக்கும் நேரம் வந்தது. மாமல்லபுரம் கடற்கரையில் பாய்ப்படகு கட்டும் ஏசுபாதம், எடை குறைந்த, ஒடியாத பாய்மரம் கேட்டு வந்தார். சங்கரி பதப்படுத்திய நூலில் செய்த மாதிரிக் குழாய் தாங்கினால் ஆர்டர். ஆர்டர் வந்தால் நூல் பதப்படுத்தத் தனிப் பிரிவு, அதற்கு அவளே தலைமை. தாங்காவிட்டால் அமிலத் தொட்டியை மூடிவிட்டு அவளைப் பர்ச்சேஸில் உட்காரவைப்பதாக முதலாளி சொல்லிவிட்டார். அப்புறம் திருகாணியும் துடைப்பமும் வாங்கிப்போட்டே காலம் தள்ள வேண்டியதுதான்.

நூல் தயாரான நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்து தொலைத்தது. அமிலத்தில் குளித்து வந்த நூல், முதலில் எது வந்தாலும் கட்டிக்கொள்ளும். ரெசினுக்கு முன்னால் புகையோ எண்ணெயோ ஒட்டிவிட்டால் கதை முடிந்தது. இந்தக் கூட்டமோ போன வருஷம் மைக்ரோஸ்கோப் லென்ஸுக்கே சந்தனப் பொட்டு வைத்த கூட்டம்.

சாம்பிராணித் தட்டோடு மெஷின் ஓட்டும் எல்லப்பன் அவள் அறை வாசலில் வந்து நின்றான்.

"இன்னா மேடம், உங்க ரூமுக்கு மட்டும் பூஜை வாணாமா? சாமி கோச்சுக்கும்."

"உள்ள வந்தா நான் கோச்சுப்பேன்."

பின்னாலேயே ராகவன். "ஒரு பொட்டுதானேம்மா, வெக்கட்டும். இன்னைக்கு வேணாம்னா நாளைக்கு வந்து வெக்கட்டும்."

புகை பட்டால் நூல் கெடும் என்று பத்துத் தடவை சொல்லியாயிற்று, இனி இவர்களிடம் கெமிஸ்ட்ரி பேசுவது வீண். அன்று சாயங்காலம், இதற்குப் பொட்டு வைக்கட்டும் என்று அலமாரியில் பழைய நூல்கண்டுகளை வைத்துவிட்டு, பதப்படுத்தியவற்றைப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினாள். செங்கல்பட்டு வீட்டில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்து, பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. லீவு முடிந்து வந்தபோது பழைய கண்டுகள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு இருந்தன. முட்டாள்கள் என்று முனகிக்கொண்டே, வீட்டிலிருந்து கொண்டுவந்த நூலில் ரெசின் ஏற்றிக் குழாயைச் செய்தாள்.

ஏசுபாதத்தின் பட்டறையில் குழாயை இரண்டு கட்டைகளுக்கு மேல் கிடத்தி, நடுவில் மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டார்கள். பாதி எடைகூட ஏறவில்லை. சடக்கென்று ஒடிந்தது. ஒடிந்த வாயில், ஒரு துளி ரெசின்கூட ஒட்டாமல், குளித்துச் சீவிய தலைமயிர் மாதிரி நூல் நீட்டிக்கொண்டிருந்தது.

சங்கரியால் நம்ப முடியவில்லை. பையில் மிச்சமிருந்த கண்டை எடுத்து உறையைப் பிரித்தாள். ஃபேக்டரியில் ரெசின் நெடியில் தெரியாமல் போன அந்துருண்டை வாசனை குப்பென்று அடித்தது.

புடவைக்குப் பூச்சி வரக்கூடாதென்று பீரோ முழுக்க அவளே உருட்டிவிட்டவை. லீவு பூராவும் அந்த ஆவியைக் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது நூல். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியாம், எம்.எஸ்ஸி.! செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குள் கூட வந்திருந்த ராகவன் ஏசுபாதத்தைப் பார்த்துக் கைகூப்பியிருந்தார். "என் தப்பு சார். இந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சு, பூஜைப் புகை ஆகாதுன்னு. நான்தான் கேக்கல. முதலாளிகிட்டயும் அதையே சொல்லிடறேன்."

ஏசுபாதம் தாடையைச் சொறிந்தார். "மன்சன்னா தப்பு வரும் சார். பொகை படாம இன்னொண்ணு செஞ்சி எடுத்துகினு வாங்க, பாக்கலாம்."

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தொட்டி பிழைத்தது, தலைமையும் பிழைத்தது. சங்கரி ராகவனைப் பார்த்தாள். ஏதோ பெரிய உதவி செய்துவிட்ட சந்தோஷம் அந்த அசட்டு முகத்தில் வழிந்தது. இந்த மனுஷன் போட்ட பிச்சையிலா நான் நாற்காலி ஏறுவது? செய்யாத தப்பை இவர் சுமப்பார், நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேனா? தூ!

"பூஜை இல்ல சார். அது என் வீட்டு பீரோல இருந்த நூல். அந்துருண்டை பட்டுக் கெட்டுப்போச்சு. நான்தான் யாருக்கும் சொல்லாம எடுத்துட்டுப் போனேன்" என்றாள்.

ஏசுபாதம் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "பொடவையோட பொடவையா வெச்ச சரக்க நம்பி நான் கடலுக்கு ஆள அனுப்பணுமா? வாணாம்மா. எடுத்துகினு கெளம்புங்க."

ஜீப் திருக்கழுக்குன்றம் தாண்டியது. முன் சீட்டிலிருந்து ராகவன் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா சொன்ன? நான்தான் ஏத்துக்கிட்டேனே."

"அதனாலதான் சார்" என்றாள் சங்கரி.